ஆணையர் கேம்ப்பில் இருக்கிறார்

எங்கள் நகராட்சி ஆணையர் பெரும்பாலும் கேம்ப்பில்தான் இருப்பார். கேம்ப் என்றால் எந்த ஊர், என்ன வேலை, எப்போது திரும்புவார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் அது மரியாதைக் குறைவு. பல நாள் அவர் கேம்ப்பில் இருந்தபடியே மாடியில் தன் அறையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். அவர் கேம்ப்பில் இருக்கிறார் என்று கீழே வருகிறவர்களிடம் சொல்லும் வேலையே என்னுடையதுதான்.

அந்த வேலைக்கு நான் பரீட்சை எழுதி வரவில்லை. நான் குடிநீர்ப் பிரிவில் ஃபிட்டர். இருபது வருஷத்துக்கு மேல் வால்வு திறந்து மூடிய கை இது. திருப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் கலெக்டரைத் தெரியாதவர்கள் நிறைய உண்டு. தண்ணி விடுகிற ஃபிட்டரைத் தெரியாதவர் ஒருத்தர்கூடக் கிடையாது. வாரத்துக்கு ஒரு தடவை வருகிற தண்ணீரை எதிர்பார்த்துக் குடம் வரிசை போட்டு வைத்திருக்கும் வீதிகள். என் செல்போன் நம்பர் எல்லா வீட்டிலும் இருக்கும். "ஏனுங்க, எங்க வீதிக்கு எப்பங்க?" என்று விடிந்ததும் ஆரம்பிக்கும். பனியன் கம்பெனி ரூம்களில் இருக்கும் வடக்கத்திப் பையன்கள் "அண்ணா, பானி?" என்று மட்டும் கேட்பார்கள். நான் "நாளைக்கு" என்பேன். தமிழில் அவர்கள் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

சாமளாபுரம் போகிற ரோட்டில் ஒரு நாள் மெயின் லைனில் ஜாயின்ட் விட்டுப்போனது. நான் வால்வுக் குழிக்குள் இறங்கினேன். மேலே மூடியாக இருந்த சிமெண்ட் பலகையைக் கழற்றி ஓரத்தில் சாய்த்து வைத்திருந்தோம். சேற்றில் அது வழுக்கி வந்து என் வலது முழங்கால் மேல் உட்கார்ந்தது. இரண்டு ஆபரேஷன், எட்டு மாதம் படுக்கை. கால் இருக்கிறது. மடங்காது, பாரம் தாங்காது, அவ்வளவுதான். மெடிக்கல் போர்டு என்னை நடக்க வைத்துப் பார்த்துவிட்டு, ஃபிட்டர் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்தது. அதில் எனக்குச் சண்டை இல்லை. இந்தக் காலோடு குழிக்குள் இறங்கினால் என்னைத் தூக்க இன்னொரு ஃபிட்டர் வேண்டும்.

சண்டை அதற்குப் பிறகு வந்தது. வேலையில் இருக்கும்போது ஊனமான அரசு ஊழியரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது, அவரால் முடிந்த வேறு வேலையை அதே சம்பளத்தில் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அது அப்போது எனக்குத் தெரியாது. ஆணையருக்குத் தெரிந்திருக்கலாம். நான் கைத்தடியோடு போய் நின்றபோது அவர் என்னைப் பார்க்காமல் மேலாளரைப் பார்த்து, "எங்கியாவது உக்கார வைங்க" என்றார். தபால் பார்த்துக்கொண்டிருந்தவர் மாறுதலாகிப் போய் அந்த நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார வைத்தார்கள். "உக்கார வைங்க" என்பதற்கு உத்தரவு எண் கிடையாது, தேதி கிடையாது, கையெழுத்தும் கிடையாது.

எனக்கென்னவோ அந்த நாற்காலி பிடித்துப்போனது. ஒரு ஜன்னல், ஒரு பெரிய பதிவேடு, 'பெறப்பட்டது' என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப், அலுவலகத்தின் வட்ட முத்திரை, எப்போதும் காய்ந்தே கிடக்கும் ஒரு மைப்பெட்டி. எந்த வால்வைத் திறந்தால் எந்த வீதிக்குத் தண்ணி போகும் என்று மனப்பாடமாக வைத்திருந்தவனுக்கு, எந்தக் காகிதம் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பது பெரிய வித்தையா? ஒரே மாதத்தில் தேறிவிட்டேன். என் மேஜையில் வந்த காகிதம் தொலைந்தது என்று யாரும் சொல்ல முடியாது. தண்ணி கேட்டு வரும் போன்களுக்கும் அங்கிருந்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் கால் போன விஷயம் ஊருக்குத் தெரிந்தாலும் நம்பரை யாரும் அழிக்கவில்லை.

மேலாளர் ரொம்ப மரியாதையான மனுஷர். திட்டினால்கூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். அவர்தான் எனக்குத் தொழில் ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்தார்.

"எல்லாத் தபாலும் வாங்குங்க. வக்கீல் கவர், கோர்ட்டு கவர் வந்தா மட்டும் சித்தப் பாத்துக்குங்க. கையெழுத்துப் போட்டு வாங்கிட்டோம்னு வைங்க, அன்னிக்கிருந்து நாள் எண்ண ஆரம்பிச்சிருவாங்க. வாங்காத வரைக்கும் நமக்கு ஒண்ணுமே தெரியாதுங்களே."

"அப்பறம் தபால்காரர்கிட்ட என்னங்க சொல்றது?"

"அய்யா கேம்ப்புன்னு சொல்லிருங்க. மிச்சத்தை அவரே எழுதிக்குவாருங்க."

அப்படியே நடந்தது. தபால்காரர் கவர் மேல் 'பெறுநர் வெளியூர்' என்று எழுதுவார், நாலைந்து நாள் தபாலாபீசில் வைத்திருப்பார், பிறகு அனுப்பியவருக்கே அது திரும்பிப் போய்விடும். ஆணையர் பெயருக்கு வரும் தபாலை ஆணையரே வந்தா வாங்க வேண்டும், அதற்குத்தானே தபால் பிரிவு என்று ஒன்று இருக்கிறது என்று யாராவது கேட்டிருக்கலாம். ஒருவரும் கேட்கவில்லை. இதில் இன்னொரு சௌகரியம், திருப்பி அனுப்பியதை எந்தப் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டியதில்லை. வாங்கினால்தான் பதிவு. வாங்காததற்கு நம்பர் இல்லை.

எங்கள் நகராட்சியில் துப்புரவு வேலை பார்த்த ஒரு அக்கா உண்டு. குப்பை அரைக்கிற மெஷினில் வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. பெருவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். விரல் போன மறுமாதமே வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். அதற்கும் உத்தரவு எதுவும் கிடையாது, வாய் வார்த்தைதான். அவர் உள்ளூர் வக்கீல் ஒருவரைப் பிடித்து, தனக்கு வர வேண்டிய சலுகைகளுக்காகக் கேஸ் போட்டிருந்தார். வக்கீல் அனுப்பிய நோட்டீஸ் ஆபீசில் வந்து சேர்ந்ததா என்று கேட்க மாதத்தில் இரண்டு தரம் என் ஜன்னலுக்கு வருவார்.

"ஏனுங்க, என்ற பேப்பர் வந்துச்சுங்களா?"

"வரலீங்க அக்கா."

நான் பொய் சொன்னதாக அப்போது நினைக்கவில்லை. பதிவேட்டைப் பார்த்துத்தான் சொன்னேன். பதிவேட்டில் இல்லை, ஆகவே வரவில்லை. அவர் சரிங்க என்று போய்விடுவார். நாற்காலியில் உட்கார்ந்து ஆறு மாதத்துக்குள் நான் அந்த அளவுக்குத் தேறியிருந்தேன்.

பிறகு எனக்கே ஒரு காகிதம் வந்தது. மேலாளர் அனுப்ப வேண்டிய தபால்களோடு அதையும் சேர்த்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். வழக்கம்போல ஒவ்வொன்றாக அனுப்புகைப் பதிவேட்டில் ஏற்றி நம்பர் போட்டுக்கொண்டே வந்தேன். பெறுநர் என்ற இடத்தில் என் பெயர். 'மருத்துவக் காரணங்களால் எப்பணியும் செய்ய இயலாத நிலையில் உள்ளதாலும், தகுதியான மாற்றுப் பணியிடம் ஏதும் இல்லாததாலும்' இந்த மாதக் கடைசி வேலை நாளோடு என்னைப் பணியிலிருந்து விடுவிப்பதாக எழுதியிருந்தது. எந்தப் பணியும் செய்ய இயலாதவன் அந்தக் காகிதத்துக்கு நம்பர் போட்டான், முத்திரை குத்தினான், எனக்குக் கொடுத்தான், கொடுத்ததற்கு என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டான்.

அதுவரை எல்லாவற்றையும் நக்கலாகவே பேசிக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்கு நக்கல் வரவில்லை. ஓய்வு பெற இன்னும் எட்டு வருஷம் இருந்தது. இந்த ஊரில் வேலைக்கா பஞ்சம் என்பார்கள். வாஸ்தவம்தான், வீதிக்கு வீதி 'ஆட்கள் தேவை' என்று அட்டை தொங்கும். ஆனால் ஐம்பது வயசுக்கு மேல், மடங்காத காலோடு வந்து நிற்பவனை எந்த பனியன் கம்பெனி எடுக்கும்? மெஷின் பெடல் மிதிக்கவும் கால் வேண்டும். நான் பயந்துவிட்டேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், ரொம்பவும் பயந்துவிட்டேன்.

என் மனைவி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். தைத்து வரும் பனியனை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, உள்ளே வெளியே திருப்பி, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு சின்ன அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவாள். பதினைந்து வருஷமாக இதே வேலை. வீட்டில் என் சட்டையையும் அப்படித்தான் பார்ப்பாள், என்னையும் அப்படித்தான் பார்ப்பாள். காகிதத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"கேஸ் போடுங்க" என்றாள்.

"கேஸ் போட்டா ஆபீஸ்ல மூஞ்சில முழிக்க முடியுமா?"

"கேஸ் போடலீன்னா ஆபீஸ்லயே முழிக்க முடியாதுங்களே."

அவள் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் தெற்கத்திப் பெண். அவருடைய அக்கா மகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் வக்கீல். அப்படித்தான் எங்களுக்கு அந்த வக்கீலம்மா கிடைத்தார். போனில் திருநெல்வேலித் தமிழில் படபடவென்று பேசுவார். சட்டம் என் பக்கம் இருக்கிறது என்பதை அவர்தான் முதலில் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. மனு போட்டார். ஆனால் நீதிபதி எடுத்தவுடன் தடை கொடுக்கவில்லை. நகராட்சி தரப்பையும் கேட்க வேண்டும், அவர்களுக்கு நோட்டீஸ் போகட்டும், மனுதாரர் தரப்பிலிருந்தே தபாலில் அனுப்பிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

வக்கீலம்மா விளக்கினார். "நோட்டீஸ் அவங்க கையில சேந்தாச்சுன்னு நான் கோர்ட்டுல காட்டணும். அப்பத்தான் தடை கேக்க முடியும். மாசக் கடைசி தாண்டிட்டுன்னா ஒங்கள வெளிய அனுப்பிருவாங்க, அப்புறம் உள்ள வாரது பெரும்பாடு. பாத்துக்கிடுங்க."

"அதைப் பத்திக் கவலையே வேண்டாமுங்க. தபால் சீட்டே என்னோடதுதானுங்க" என்றேன். சொல்லும்போது நிஜமாகவே பெருமையாக இருந்தது.

அடுத்த வாரம் சொத்துவரி முகாம் நடந்தது. விண்ணப்பங்கள் கட்டுக் கட்டாக என் மேஜையில். ஜன்னலுக்கு வெளியே வரிசை, உள்ளே ஃபேன் ஓடவில்லை, மைப்பெட்டிக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி முத்திரையெல்லாம் வெளிறிப்போய் விழுந்துகொண்டிருந்தது. அந்தக் களேபரத்தில் தபால்காரர் வந்து நின்றார்.

"ஆணையர் பேருக்கு வக்கீல் கவர் ஒண்ணு இருக்குதுங்க."

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அய்யா கேம்ப்புங்க" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். இவ்வளவு வேலைக்கு நடுவிலும் ஒரு வக்கீல் கவரைச் சாமர்த்தியமாகத் தட்டிவிட்டோம் என்று ஒரு நிமிஷம் எனக்குத் திருப்திகூட இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எட்டு நாள் கழித்து, வீட்டில் இருக்கும்போது வக்கீலம்மா கூப்பிட்டார். குரலில் கோபம்.

"அனுப்புன நோட்டீஸ் திரும்பி வந்துட்டு. பெறுநர் வெளியூர்னு எழுதியிருக்கு. இது அவங்க வேணும்னே பண்ணுத வேல. ஒங்க ஆபீஸ்ல தபால் வாங்குறது யாரு, அந்த ஆளு பேரச் சொல்லுங்க, கோர்ட்டுல சொல்லுதேன்."

"நான்தானுங்க."

"சரி, வாங்குறது நீங்க. திருப்பி அனுப்புனது யாருன்னு கேக்கேன்."

"அதும் நான்தானுங்க."

 போனில் சென்னை பஸ் ஒன்று ஹாரன் அடிப்பது கேட்டது. பிறகு அவர், "சரி, வேற அனுப்புதேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்த என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "உங்கற கேஸு இருக்கற கவரைக்கூட திருப்பிப் பாக்காமப் பாஸ் பண்ணிட்டீங்க" என்றாள். செக்கிங் பார்க்கிறவர்கள் ஒருத்தரைப் பார்த்து இதைவிடக் கேவலமாக எதுவும் சொல்ல முடியாது. மாதக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள்தான் மிச்சம் இருந்தது.

இரண்டாவது கவர் வந்த அன்றைக்குத் தபால்காரர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நான் கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றுவிட்டேன். அவர் பயந்துபோனார். கவரை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, ஒப்புகை அட்டையில் ஆணையருக்காக என்று எழுதி முழுக் கையெழுத்துப் போட்டேன். வட்ட முத்திரையை அழுத்திக் குத்தினேன். வெளிறக் கூடாது என்று புது மை வாங்கி வைத்திருந்தேன். பதிவேட்டில் ஏற்றினேன். கல்யாணப் பத்திரிகையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் எடுத்துப் போய் மேலாளர் மேஜையில் வைத்தேன்.

அவர் கவரைப் பிரித்துப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

"இது உங்க கேஸுங்களே."

"ஆமாங்க."

"வாங்கிட்டீங்களா?"

"வாங்கிட்டேனுங்க."

"அய்யா கேம்ப்புலதானுங்களே இருந்தாரு?"

"மாடில காப்பி குடிச்சிட்டிருந்தாருங்க. நான்தான் ஃபிளாஸ்க் குடுத்தனுப்பிச்சேன்."

கேஸ் கோர்ட்டுக்கு வந்தது. நோட்டீஸ் சேரவில்லை என்று சொல்வதற்காக நகராட்சி தரப்பு வக்கீல் நேரில் வந்திருந்தார். சேராத நோட்டீஸின் தேதி, நேரம், கோர்ட் அறை நம்பர் எல்லாம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கக் கூடாது போலும். அவருடைய வாதம் இதுதான். எதிர்த்தரப்புக்கு அனுப்பிய நோட்டீஸை மனு போட்டவரே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார், தனக்குத் தானே நோட்டீஸ் கொடுத்துக்கொள்வது செல்லாது, புதிதாக அனுப்ப வேண்டும், நான்கு வாரம் அவகாசம் வேண்டும். நீதிபதி, இதை எழுத்தில் கொடுங்கள் என்று சொல்லி ஐந்து நாள் தள்ளி வைத்தார்.

வக்கீலம்மா என்னிடம் ஒளிக்கவில்லை. "புதுசா அனுப்பச் சொல்லிட்டாங்கன்னா மாசக் கடைசி தாண்டிரும். அவங்களுக்கு வேண்டியது அதுதான்" என்றார். நான் மேலாளரிடம் போய், வேறு யாரையாவது கையெழுத்துப் போட வைத்து இன்னொரு நோட்டீஸை வாங்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவர் மரியாதை குறையாமல், "தபால் சீட்டு உங்குளுதுங்களே, அடுத்தவிய கையெழுத்துப் போட்டா நாளைக்குப் பொறுப்பு யாருதுங்க?" என்றார். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. கைத்தடியைப் பிடித்திருந்த கை விடவில்லை.

நகராட்சி தரப்பு எழுதிக் கொடுத்த ஆட்சேபனையின் நகலை வக்கீலம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் போட்டுவிட்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். என் மனைவி ஷிப்ட் முடிந்து வந்தாள். முந்தானையில் வழக்கம்போல நாலைந்து அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது. காகிதத்தை எடுத்துக்கொண்டு டியூப்லைட்டுக்கு அடியில் போய் நின்றாள். ஒரு தரம் படித்தாள். உள்ளே போய், என்னை வேலையை விட்டு விடுவிக்கும் அந்த முதல் காகிதத்தையும் எடுத்து வந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முந்தானையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை உரித்து ஆட்சேபனையில் ஒரு வரி மேல் ஒட்டினாள். இன்னொன்றை உரித்து மற்றதில் ஒட்டினாள்.

"இங்க பாருங்க" என்றாள்.

முதல் அம்பு காட்டிய வரியில், 'மனுதாரர் இவ்வலுவலகத் தபால் பிரிவில் பணிபுரிந்து, அலுவலகத்துக்கு வரும் தபால்கள் அனைத்தையும் பெற்று வரும் நிலையைப் பயன்படுத்தி' என்று இருந்தது. இரண்டாவது அம்பு, 'எப்பணியும் செய்ய இயலாத நிலையில்' என்பதைக் காட்டியது. இரண்டிலும் கீழே ஒரே ஆணையரின் ஒரே கையெழுத்து.

"வேலை செய்யறாருன்னும் அவியளே எழுதிருக்காங்க. செய்ய முடியாதுன்னும் அவியளே எழுதிருக்காங்க. ஒரே பீஸுதானுங்க, திருப்பிப் பாத்தாத் தெரியுது."

நான் அந்தக் காகிதத்தை எத்தனை தடவை படித்திருப்பேன்! என் கண்ணில் படவே இல்லை. உடனே வக்கீலம்மாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.  அவர் சத்தமாகச் சிரித்தார். "நான் நோட்டீஸு செல்லும்னு காட்டுததுக்கு எந்தத் தீர்ப்பு இருக்குன்னு தேடிக்கிட்டே இருந்திருக்கேன். ஒங்க வீட்டம்மாகிட்ட போனக் குடுங்க" என்றார். அவர்கள் இரண்டு பேரும் என்னை விட்டுவிட்டு அரைமணி நேரம் பேசினார்கள்.

அடுத்த விசாரணையைச் செல்போனிலேயே பார்க்க முடிந்தது. மனைவி கம்பெனியில் அரைநாள் பர்மிஷன் போட்டு வந்திருந்தாள். திரையில் எல்லோரும் தீப்பெட்டிப் படம் அளவுக்குத் தெரிந்தார்கள், நடுவில் நடுவில் உறைந்து நின்றார்கள். எங்கள் வக்கீலம்மா இரண்டு காகிதத்தையும் நீட்டியது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நீதிபதி படித்துவிட்டு நகராட்சி வக்கீலைப் பார்த்துக் கேட்டார். இவர் உங்கள் தபால் பிரிவு ஊழியர் என்றால், உங்களுக்காக இவர் வாங்கியது செல்லும். ஊழியர் இல்லை என்றால், இத்தனை மாதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் முத்திரையைக் குத்தியது யார்? எது என்று சொல்லுங்கள். நகராட்சி வக்கீல், ஆணையரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஆணையர் எங்கே என்று நீதிபதி கேட்டார். கேம்ப் என்று பதில் வந்தது. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

நோட்டீஸ் முறையாகச் சேர்ந்துவிட்டது என்று பதிவானது. என்னை விடுவிக்கும் உத்தரவுக்கு அன்றைக்கே தடை. மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருந்தது. சில மாதம் கழித்து, தபால் பிரிவிலேயே அதே சம்பளத்தில் எனக்குப் பணியிடம் தர வேண்டும் என்று தீர்ப்பும் வந்தது. தீர்ப்பு நகல் ஆணையர் பெயருக்குப் பதிவுத் தபாலில் வந்தது. வாங்கியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

உத்தரவு எண், தேதி, கையெழுத்து எல்லாம் உள்ள ஒரு காகிதத்தை மேலாளர் என்னிடம் கொடுத்துக் கை குலுக்கினார். உண்மையிலேயே அவருக்குச் சந்தோஷம்தான். போகும்போது திரும்பி, "இனி நீங்க ஆர்டர்ல இருக்கற ஆளுங்க. வக்கீல் கவர் விஷயம் மட்டும் பழையபடியே பாத்துக்குங்க" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அத்தனை மாதமும் என் ஒரு கவரைப் பற்றி மட்டும்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பதிவேட்டை எடுத்து விரல் போன அக்காவின் பேப்பரைத் தேடினேன். இருக்காது என்று தெரிந்தேதான் தேடினேன். இல்லை. நான் எத்தனை பேருடைய கவரைத் திருப்பி அனுப்பினேன் என்று எண்ணிப் பார்க்கக்கூட ஒரு வரி எங்கும் இல்லை. அவர் என் ஜன்னலுக்கு வந்தே ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. அவர் வராததை நான் கவனிக்கவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கச் சக்கரம் வைத்த என் வண்டியில் அவர் இருக்கும் காலனிக்குப் போனேன். வாசலில் கட்டிங் வேஸ்ட் மூட்டையைப் பிரித்துப் போட்டு, கலர் வாரியாகத் துணித் துண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டார்.

"நீங்க எதுக்குங்க இந்தக் காலை வெச்சுட்டு இத்தனை தூரம்? சொல்லிவிட்டிருந்தா நானே வந்திருப்பேனுங்களே."

அவராகவே உள்ளே போய் ஒரு பாலிதீன் பையை எடுத்து வந்தார். பனியன் மடித்து வைக்கிற பை. உள்ளே இரண்டு கவர்.

"இது திரும்பி வந்துருச்சுன்னு வக்கீல் குடுத்துட்டாருங்க. இன்னொருக்கா அனுப்பலாம், ஆனா யாரு திருப்பறாங்கன்னு தெரிஞ்சாத்தான் ஆகும்னாரு. மேல என்னமோ எழுதியிருக்குது, எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. நீங்க படிச்சுச் சொல்லுங்க."

வாங்கிப் பார்த்தேன். தபால்காரரின் கையெழுத்து. வார்த்தை என்னுடையது.

"பெறுநர் வெளியூர்னு எழுதியிருக்குதுங்க அக்கா."

"யாருங்க அப்படிச் சொன்னது?"

சொல்லாமல் வந்திருக்கலாம். ஆபீஸ் வழக்கம், மேலாளர் சொன்னார், தபால்காரர் எழுதினார் என்று சொல்ல எத்தனையோ இருந்தது. "நான்தானுங்க சொன்னேன். ரெண்டு தடவையும் நான்தான்" என்றேன். 

அவர் ஒன்றும் திட்டவில்லை. நீட்டி வைத்திருந்த என் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உங்குளுக்கும் வேலையில அடிபட்டதுதானுங்களே?" என்றார்.

 கையில் இருந்த இரண்டு கவரையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் மறுபடியும் துணித் துண்டுகளைப் பிரிக்க ஆரம்பித்தார், இரண்டே விரலில், என்னால் முடியாத வேகத்தில். கடைசியில் நான்தான் கேட்டேன்.

"நாளைக்கு வக்கீல்கிட்டச் சொல்லி, இன்னொரு நகலும் எடுத்து, நேர்லயே கொண்டாந்து குடுக்கறீங்களா அக்கா? தபாலே வேண்டாமுங்க."

"நேர்ல வந்தா வாங்கிக்குவீங்களா?"

"வாங்கிக்கறேனுங்க."

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு ஜன்னலில் வந்து நின்றார். நல்ல சேலை கட்டி, தலை சீவி வந்திருந்தார். கவரை உள்ளே நீட்டினார். நான் பிரித்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். பதிவேட்டில் ஏற்றினேன். 'பெறப்பட்டது' குத்தி, வட்ட முத்திரையும் குத்தி, அவருடைய நகலிலும் அதே மாதிரி குத்தி, நம்பரும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலாளர் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. குனிந்து என் காதோரம், "அய்யா கேம்ப்புங்களே" என்றார்.

"ஆமாங்க, இன்னிக்கு நெசமாலுமே கேம்ப்புங்க. அதுக்குத்தானுங்களே என்னை இங்க உக்கார வெச்சு ஆர்டர் போட்டிருக்கீங்க" என்றேன். அவர் நிமிர்ந்தார். பிறகு தன் மேஜைக்குப் போய்விட்டார்.

ஜன்னலுக்கு வெளியே அக்கா நகலை வாங்கிக்கொண்டு, முத்திரை மேல் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். மை இன்னும் காயவில்லை. ஒட்டிக்கொண்டது. போகாமல் அங்கேயே நின்றார்.

"ஏனுங்க, அப்ப என்ற பேப்பர் வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சுங்க அக்கா" என்றேன்.